இரண்டு சந்தைகள் உள்ள ஊர்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்திருந்தோம். மற்ற இருவரில் ஒருவர் மட்டக்களப்புக்காரர். இங்கிலாந்தில், தான் ஒருபோதும் கால் வைக்காத ஒரு துறைமுக நகரம் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

அவர் வந்தது தலை மாற்றிய பாஸ்போட்டில். அதாவது பாஸ்போட் வேறொருவருடையது, ஒட்டியிருந்த படம் இவருடையது. அதன் சொந்தக்காரரும் மட்டக்களப்பில் பிறந்தவர்தான். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று அந்த நகரத்தில் வாழ்ந்தவர். விமான நிலையத்தில் யாராவது கேள்வி கேட்டால் சொல்வதற்காக, அந்த நகரத்தின் தெருக்களை விவரிக்கும் இரண்டு பக்கத் தாள் ஒன்றை ஏஜென்ட் கொடுத்திருந்தான். சிங்கப்பூரில் ஓர் அறையில் காத்திருந்த நாற்பது நாளும் அவர் அதைப் படித்தார். மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கியதும் தான் அகதி என்று சொன்னார். ஊரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

“ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் அந்த ஊர் தலைக்குள்ள இருந்து வெளியில போயிருக்கும், அண்ணன்” என்பார்.

நான் கொழும்பில் பத்து வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன். மொன்றியலில் அகதி விண்ணப்பக்காரர்களின் வாக்குமூலங்களைத் தட்டெழுதிக் கொடுத்தேன். அவருடையதையும் நான்தான் எழுதினேன். மட்டக்களப்பில் அவர் வீடு கோட்டைப் பக்கம். பஸ் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. வாவிப் பாலத்தைக் கடக்க வேண்டியதில்லை. இவ்வளவும் என் குறிப்புப் புத்தகத்தில், அவர் வந்த முதல் வாரத் தேதியோடு இருக்கிறது; வாக்குமூலத்தில் தெருப் பெயரும் இலக்கமும் மட்டும்தான்.

விசாரணையில் சொந்த ஊரைப் பற்றிச் சின்னச் சின்ன விஷயங்களைத்தான் கேட்பார்கள் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். தடுமாறினால் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் ஊரில் இருக்கும் மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைக்க முடியாது. அதனால் ஒரு ஞாயிறு பகல், நான் அதிகாரியாகவும் அவர் அவராகவும் இருந்து பழகிப் பார்த்தோம். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

“கதவைத் திறந்தா ஆறு” என்றார். “இடப்பக்கம் கிறுகினா சுங்க வீடு, உச்சியில சின்னக் கோபுரம். அதால நேரே போனா செவ்வாய்ச் சந்தை. சனிச் சந்தை மற்றப் பக்கம், கோயிலுக்கு முன்னால.”

மூன்றாமவர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சிரித்துவிட்டு, “துரை, செவ்வாய்ச் சந்தையில மீன் வாங்கலாமோ?” என்று கேட்டார். மட்டக்களப்பார் சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். திரும்பவும் கதவைத் திறந்ததும் தாளில் படித்த அந்த ஆறுதான் வந்தது.

அக்காவின் மகள் கல்யாணத்துக்கு நான் லண்டன் போகவிருந்தேன். புறப்படும் முதல்நாள் மட்டக்களப்பார் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஒருக்காப் போய்ப் பாருங்க. அப்படியொரு ஊர் இல்லையெண்டா எனக்கு இது விட்டுப் போயிரும்.”

ஊர் இருந்தது. ரயிலால் இறங்கியபோது செவ்வாய்க்கிழமை, முற்பகல். நான் வரைபடம் வாங்கவில்லை; தேவைப்படவுமில்லை. சுங்க வீட்டின் உச்சியில் சின்னக் கோபுரம். ஆற்றில் நீர் வடிந்து, படகுகள் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. தேவாலய வாசற்கல்லில் பழைய வெள்ளங்களின் மட்டத்தைக் கோடு கோடாகச் செதுக்கியிருந்தார்கள். மேல் கோடு என் நெஞ்சளவில் நின்றது. சந்தையில் மீனும் பீங்கானும் விற்றார்கள். எந்தத் திருப்பத்திலும் நான் பிழை விடவில்லை. ஒரு தடவையாவது பிழை விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆற்றைப் பார்த்த வீட்டில், அவர் சொல்லியிருந்த பச்சைக் கதவைத் தட்டினேன். ஏப்ரன் கட்டிய வயதான வெள்ளைக்காரப் பெண் திறந்தார். பாஸ்போட்டில் இருந்த பெயரைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “நீங்களும் அந்தப் பாலத்தைத் தேடியா வந்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பாஸ்போட்டின் சொந்தக்காரர் பதினொரு வருடம் அவருடைய மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர். தலைக்குள் கட்டி வந்து இறந்துபோனார். உறவினர் ஒருவர் வந்து, சாமான்களை ஒரே சூட்கேஸில் எடுத்துப் போனாராம். பாஸ்போட் கைமாறிய வழி எனக்கு அங்கே விளங்கியது. கடைசி மாதங்களில் அவருக்கு இந்த ஊர் முழுவதும் மறந்துவிட்டது. செவ்வாய்ச் சந்தையில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் பாலத்துக்கு வழி கேட்பாராம். இந்தப் பெண் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். வரும் வழியெல்லாம் அவர் தன் மட்டக்களப்பு வீட்டுக்குப் பாதை சொல்லுவார்: பாலத்தைக் கடந்து மூன்றாவது ஒழுங்கை, ஐஸ் பெக்டரிக்கு எதிரே, பலாமரம் நிற்கும் வீடு. மட்டக்களப்பை அறியாத அந்தப் பெண் வாசலில் நின்றபடி, ஒவ்வொரு திருப்பத்தையும் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். நான் குறிப்பெடுத்தேன்.

மொன்றியலுக்குத் திரும்பி வந்து அதை மட்டக்களப்பாருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். நான் செய்த பிழை அதுதான். மட்டக்களப்பு என்று காதில் விழுந்தால் அவருடைய மட்டக்களப்பு திரும்பி வரும் என்று நினைத்தேன். கேட்டு முடித்ததும் அவர் பாலத்துப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அதன்பிறகு அவர் ஆற்றைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாமவர் “துரை” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுமில்லை.

விசாரணையன்று நான் பின் கதிரையில் இருந்தேன். மொழிபெயர்த்தவர் சென்னைப் பெண். எதிர்பார்த்தபடியே பஸ் நிலையத்துக்கு வழி கேட்டார்கள். மட்டக்களப்பார் ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னார்: பலாமரம், ஐஸ் பெக்டரி, மூன்றாவது ஒழுங்கை, பிறகு பாலம். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். வாக்குமூலத்தில் இருந்த தெரு பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். “உங்கட வீடு கோட்டைப் பக்கமெல்லோ?”

“இல்ல அண்ணன், பாலத்துக்கு அங்கால” என்றார். பொய் சொல்லுகிற முகம் அல்ல அது. வாழ்நாளெல்லாம் பொய்க்கும் பிழைக்கும் வித்தியாசம் பார்த்துப் பழகியவன் நான்.

சில மாதங்களில் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வழக்கறிஞரே மனைவிக்கு எழுதி அறிவித்தார். மனைவியின் பதில் ஒரு சனிக்கிழமை வந்தது. மட்டக்களப்பார் அதைப் பிரிக்கவில்லை. பின்பக்கத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கோட்டைப் பக்கத் தெரு, நான் தட்டெழுதிய அதே இலக்கம்.

கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“இவங்க எப்ப அண்ணன் வீடு மாறினவங்க?” என்று கேட்டார்.