அக்காவின் கையோடு போடிமெட்டிலிருந்து மதுரைக்கு

பக்கவாதம் வந்தவரை மலையிலிருந்து கீழே சிகிச்சைக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது எழுபதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம்.

என் அக்கா சவரியம்மாள் போடிமெட்டுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். கணவர் இல்லை. ஒருநாள் தேயிலைக் காட்டிலேயே விழுந்தாள். வலது கை தொங்கிவிட்டது. மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் போகும் என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள்.

காலை ஏழு மணி பஸ். போடிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், முழுக்க வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கை மடியிலிருந்து சரியும்; நான் எடுத்து வைப்பேன். (நோயாளியின் செத்த கைப் பக்கம் நீங்கள் உட்காருங்கள்.) போடியிலிருந்து மதுரைக்கு ரயில்.

ஆஸ்பத்திரியில் மோட்டார் வைத்த கருவி ஒன்று இருந்தது. கையைப் பலகையில் கட்டினால் அதுவே தூக்கித் தாழ்த்தும். கை எவ்வளவு உயர்கிறது என்று வாரம் தவறாமல் அளந்தார்கள். சீக்கிரமே கை தோள் உயரத்துக்கு வந்தது.

"ஏலேய் தம்பி, பாத்தியா, தூக்குதுல்லா!" என்று அக்கா சிரித்தாள். எஸ்டேட்டுக்கும் சொல்லியனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்துப் புதிதாக வந்த பிசியோதெரபி அம்மா மோட்டாரை நிறுத்தினார். கை எழும் கோணத்தை அளக்கும் கோணமானியைத் தோளில் வைத்து, "இப்ப நீங்களா தூக்குங்க" என்றார்.

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கை ஒரு விரற்கடை எழுந்து விழுந்தது.

"அப்ப இத்தனை நாள் அளந்தது?" என்றேன்.

"அது மெஷின் தூக்குனதுங்க. இவங்க தூக்குறது இவ்வளவுதான்."

"இன்னொரு வாட்டி அளங்கம்மா" என்றாள் அக்கா. மறுபடியும் அதே அளவு.

அதன்பின் அந்த அம்மா மோட்டார் இல்லாமலே பாடுபட்டார். கை மார்பு வரை ஏறியது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. விரல் மடங்காமல் கொழுந்து கிள்ள முடியாது.

மூன்று மாதக் கெடு முடிந்து, சாமான்களை எடுக்க மலையேறும்போது அக்கா கேட்டாள்: "தூக்குதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டமே, இப்ப என்னன்னு சொல்ல?" லயன் வீட்டைக் காலி செய்தோம். போடியில் என் வீட்டில் இருந்துகொண்டு, ஏலக்காய்க் கடையில் இடது கையால் காய் பொறுக்கினாள். அதிகக் காலம் உயிரோடு இருக்கவில்லை.

இப்போதைய ஆஸ்பத்திரிகளில் கருவிகள் எவ்வளவோ மேல். ஆனால் கூட்டிப்போகிறவர்கள் முதல் நாளே கேளுங்கள்: கருவியை நிறுத்தினால் எவ்வளவு தூக்குகிறது? கேட்க மனம் வராது. ஆனாலும் அந்த அளவுதான் உங்கள் ஆளுடைய கை.