அண்ணா நடித்த நாள்

என் அண்ணா நன்றாக நடிப்பார் என்று சொந்தக்காரர் மத்தியில் ஒரு கதை இருந்தது. அவர் ஒரு மேடையிலும் ஏறியதில்லை. ஒரே ஒரு முறை, கொழும்பில், வெள்ளவத்தையில், எங்கள் வீட்டில், பொலிசுக்கு முன்னால் நடித்தாராம். நானும் அங்கே இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அண்ணாவுக்குப் பதினேழு.

சண்டைக்காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடியில் ஒரு அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அப்பாவுக்குக் கொச்சிக்கடையில் ஒரு ஸ்டோரில் வேலை. வீட்டில் சத்தமாகக் கதைக்கக் கூடாது. யன்னலில் நிற்கக் கூடாது. பஸ்ஸில் அப்பாவை அப்பா என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் தமிழர் என்று தெரிந்துவிடும். நான் அவருடைய சேட்டு நுனியைப் பிடித்து இழுப்பேன். அவர் குனிவார். பஸ்ஸில் எங்கள் கதைபேச்சு அவ்வளவுதான்.

அண்ணாவுக்கு இது கஷ்டமாக இருந்தது. வந்த புதிதில் அவருக்கு வாய் ஓயாது. கிரிக்கெட் வர்ணனை செய்வார். வீட்டுக்காரரைப் போல நடந்து காட்டுவார். நான் உருண்டு சிரிப்பேன். அப்பா ஏசுவார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரடா. உன்னாலை நாங்கள் எல்லாரும் உள்ளுக்குப் போகப்போறம்."

பிறகு அண்ணா மாறினார். கதை குறைந்தது. யன்னலைத் தானே சாத்தினார். டியூஷனுக்குப் போவதை விட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். குளிப்பதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். கீழே கடையடியில் நிற்கிறவர்கள் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். வேறு ஊர் என்றால் தாய் தகப்பன் திடுக்கிட்டிருப்பார்கள். அப்பா தலையை ஆட்டினார்.

"கதைப்பாங்கள்தான். அதுதான் வெளியிலை போகாதை எண்டனான். இப்பவாவது விளங்கிச்சே."

அம்மாவுக்கும் நிம்மதி. "அவனுக்கு இப்ப நல்ல புத்தி வந்திட்டுது. வாயே திறக்கிறேல்லை" என்று கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அண்ணா நல்ல பிள்ளையாகிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். விளையாட ஆள் இல்லை என்பதுதான் என் குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செக்கிங் வந்தது. மரப்படியில் சப்பாத்துச் சத்தம். முன்னால் நரைத்த மீசையோடு ஒரு பொலிஸ் சார்ஜன். பின்னால் துவக்கோடு இரண்டு இளம் ஆமிக்காரர். அப்பா அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவையும் நீட்டினார். சார்ஜன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கட்டிலில் இருந்த அண்ணாவை எழும்பச் சொன்னார்.

அண்ணா எழும்பவில்லை.

பேர் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அந்தளவு சிங்களம் அண்ணாவுக்குத் தெரியும். அவர் சுவரைப் பார்த்தார். அப்பா முந்திக்கொண்டு பேரைச் சொன்னார். அவன் சொல்லட்டும் என்று சார்ஜன் கையைக் காட்டி மறித்தார். அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. பேசாமல் இருக்கிறான் என்று இவ்வளவு நாளும் மெச்சின பிள்ளை, பேச வேண்டிய நேரத்திலும் பேசாமல் இருந்தார். இனி ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று எனக்கே தெரிந்தது.

அப்போது அண்ணா வாய் திறந்தார். சார்ஜனைப் பார்த்து அல்ல. அலுமாரிப் பக்கம் திரும்பி, மெதுவாக.

"ஓம், ஓம். நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சத்தம் போடாதேங்கோ."

அலுமாரியடியில் ஒருவரும் இல்லை.

ஒரு ஆமிக்காரன் சிரித்தான். சார்ஜன் சிரிக்கவில்லை. கட்டில் நுனியில் இருந்துகொண்டு அண்ணாவின் முகத்தை வடிவாகப் பார்த்தார். வீட்டில் ஒருவரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள்.

"மே மல்லிட்ட அசனீபய் நேத?" என்று அப்பாவிடம் கேட்டார். இந்தத் தம்பிக்குச் சுகமில்லை, அப்படித்தானே என்று அர்த்தம்.

"ஓவ் மாத்தயா, ஓவ்," என்றார் அப்பா. அந்த நேரம் அவர் எதற்கும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்.

வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதே, டொக்டரிடம் காட்டு என்று சொல்லிவிட்டு சார்ஜன் எழும்பினார். அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெடியளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் தாய் கத்தியது எங்களுக்குக் கேட்டது.

அப்பா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எட, என்ன கெட்டிக்காரனடா நீ! இதை எங்கையடா பழகினனீ?"

அண்ணாவின் தலையைத் தடவினார். கொழும்புக்கு வந்தபிறகு அப்பா அவரைத் தொட்டு நான் கண்டது அன்றைக்குத்தான்.

பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பா கடைக்குப் போய் மட்டன் றோல்ஸ் வாங்கிவந்தார். மாசக் கடைசியில் எங்கள் வீட்டில் றோல்ஸ்! அப்பா கதையைச் சொன்னார். சொன்னது போதாமல் எழும்பி, அலுமாரியைப் பார்த்து தானே நடித்தும் காட்டினார்.

"உன்ர நடிப்புச் சரிவராது," என்றார் சித்தப்பா. "எங்கை தம்பி, நீ ஒருக்கால் செய்து காட்டு பாப்பம்."

"நான் நடிக்கேல்லை, சித்தப்பா."

"பாத்தியே!" அப்பா தொடையில் தட்டினார். "அதைத்தானே நானும் சொல்லுறன். நடிச்ச மாதிரியே இல்லை."

அண்ணா அப்பாவைப் பார்த்தார். "இல்லை அப்பா. உண்மையா எனக்குக் கேக்குது. அந்தாள் சொன்னது சரி. எனக்கு ஏலாமல் கிடக்கு. டொக்டரிட்டைப் போவம்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்தார்.

"இன்னும் விடுறான் இல்லைப் பார், கள்ளன்," என்றார் சித்தப்பா. "சார்ஜன் போயிட்டானடா. காணும், நடிப்பை விடு."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணா பழையபடி பகிடி விடுகிறார் என்று எனக்குச் சந்தோசம். அம்மா மட்டும் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனார். தேத்தண்ணி வரவேயில்லை.

அப்பாவில் பிழை சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பெடியள் போனார்கள், அவருடைய பெடியன் வீட்டில் இருந்தான். அதற்கு மேல் எதையும் கேட்க அன்றைக்கு அவருக்குக் காது இருக்கவில்லை. அண்ணாவை டொக்டரிடம் கொண்டுபோக இன்னும் ஒரு வருசம் சென்றது. அம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். அதற்குள், கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்பதை அண்ணா விட்டிருந்தார்.

அந்தப் பின்னேரம் எல்லாருக்கும் ஒரு றோல்ஸ். அண்ணாவுக்கு மட்டும் அப்பா இரண்டு வைத்தார். அண்ணா தட்டை வாங்கி மடியில் வைத்தார். பிறகு அதை என் பக்கம் தள்ளினார். நான் இரண்டையும் சாப்பிட்டேன். நல்ல சூடு. அண்ணாவுக்கு என்னில் சரியான விருப்பம் என்று நினைத்துக்கொண்டேன்.