பதினோரு கடிதங்களோடு அரியலூர் வக்கீலிடம்

"ரேகை பொய் சொல்லுமா டீச்சர்?"

ஆரோக்கியம் என்னிடம் இப்படிக் கேட்டது 1985 மார்ச் மாதம். பெரம்பலூரில் நான் வேலை பார்த்த பள்ளியில் அவர் சத்துணவு சமைப்பவர். கணவர் சூசை கொத்தனார். ஏஜெண்ட் ஒருவர் மூலமாக வளைகுடாவுக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மாதம் ஒரு கடிதம் வரும். சூசைக்கு எழுதத் தெரியாது; யாரோ எழுதியிருப்பார்கள், கீழே அவருடைய இடது கட்டைவிரல் ரேகை இருக்கும். ஆரோக்கியத்துக்குப் படித்துக் காட்டுவது நான். "நான் சுகம். வேலை நல்ல வேலை. சம்பளத்தைச் சேர்த்து மொத்தமாக அனுப்புகிறேன். யாரிடமும் எதுவும் விசாரிக்க வேண்டாம்."

அந்த மாதம் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர், ஏஜெண்ட் சொன்ன தொழிலாளர் முகாமுக்குச் சூசை வரவேயில்லை என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி. ரேகை பொய் சொல்லாது என்றேன். வகுப்பில் சொல்லிக் கொடுப்பதும் அதுதான். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு எனக்கு நிம்மதியில்லை. முகாமில் இல்லாத மனிதர் எங்கே உட்கார்ந்து ரேகை வைக்கிறார்?

வெளிநாட்டுக்குப் போன ஒருவரைத் தேடி வக்கீலிடம் போகப் போகிறவர்களுக்காகவே அந்த ஒரு நாள் பயணத்தை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை 7.10க்குப் பெரம்பலூரில் பஸ் ஏறினோம். அரியலூர் முப்பது கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு. கடிதங்களை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார் ஆரோக்கியம். 8.20க்கு இறங்கி, கோர்ட்டுப் பக்கம் நடந்தோம்.

அந்த வக்கீல் சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்குப் புதுச் சட்டம் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்ததால், அந்த வழக்குகளும் அவரிடம் வரத் தொடங்கியிருந்தன. வக்கீல் என்றால் பேசுகிறவர் என்று நினைத்திருந்தேன். அவர் முதல் அரைமணி நேரம் பேசவேயில்லை. பதினோரு கடிதங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, எழுத்தை விட்டுவிட்டு, ரேகைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மூணு புள்ளி என்னம்மா? எல்லாத்துலயும் இருக்கு."

ஆரோக்கியம் குனிந்து பார்த்தார். "தையலுங்க. சாரத்துக்கு மூங்கில் வெட்டும்போது அருவா பட்டுடுச்சு. பெரியாஸ்பத்திரில மூணு தையல் போட்டாங்க."

"எப்ப பிரிச்சாங்க?"

"கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. நான்தான் கூடப் போனேன்."

சொல்லி முடித்ததும் அவர் கை மேசையிலிருந்து தானாகப் பின்வாங்கியது. போன வாரம் வந்த கடிதத்திலும் அந்த விரலில் தையல் பிரிக்கப்படாமல் இருந்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே குறி இருந்தால் பிள்ளை வந்திருக்கிறது என்று நம்புகிறோம். வரப்போகும் நாட்களுக்கெல்லாம் முன்பே குறி போட்டுவைத்திருந்தால்? பதினோரு மாதமாக நான் எழுத்தை மட்டும்தான் படித்திருந்தேன்.

"உசுரோட இருக்காராங்க?" என்றார் ஆரோக்கியம்.

"இருக்காருன்னும் இந்தத் தாள் சொல்லல, இல்லன்னும் சொல்லல. வெத்துத்தாள்ல ரேகை வாங்கியிருக்காங்க. எத்தனை தாளுன்னு தெரியணும். கூட யாராச்சும் இருந்தாங்களா?"

ரெட்டிபாளையம் கலியன் இருந்தார். சூசையோடு ஏஜெண்டிடம் போனவர். மஞ்சள் காமாலை வந்து பயணத்தை விட்டுவிட்டவர்.

10.45 பஸ். பத்து கிலோமீட்டர், எண்பது காசு. நல்ல வெயில். ஆனால் சிமெண்ட் தூசியில் வேப்பமரம், கூரை, கட்டிக்கிடந்த மாட்டின் முதுகு எல்லாம் ஒரே வெளுப்பு. தெருவில் எங்கள் செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கலியன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி பச்சையம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஆளுக்குப் பன்னெண்டு தாளுங்க டீச்சர்," என்றார் கலியன். "ரெண்டு பேருமே வச்சோம்." பிறகு மனைவியைப் பார்த்தார். "அதை எடுத்தா."

"வேணாங்க."

"எடுடி."

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, வேப்பிலை சுற்றிய ஒரு உறை வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை. சத்தமாகப் படித்தேன். "அன்புள்ள பச்சையம்மாவுக்கு, கலியன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம்." கீழே ரேகை.

"நான் சுகமா இருக்கேன்னு எனக்கே தபால் வந்துடுச்சு டீச்சர்," என்று கலியன் சிரித்தார். "அன்னைலேருந்து இவ என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறா."

பச்சையம்மா சிரிக்கவில்லை. "இவரு உசுரு அதுல ஒட்டிக்கிட்டிருக்குங்க. கோர்ட்டுக்குக் கொண்டுபோனா ஏதாச்சும் ஆயிடும். இன்னைக்கு எரிச்சுடலாம்னுதான் இருந்தேன்."

ஆரோக்கியம்தான் பேசினார். "ஒங்க வூட்டுக்காரரு கட்டில்ல உக்காந்திருக்காரு அக்கா. எங்க வூட்டுக்காரருக்குத் தாளு மட்டும்தான் இருக்கு."

பச்சையம்மா சற்று நேரம் கணவர் தோளைப் பிடித்தபடி நின்றார். பிறகு உறையை ஆரோக்கியத்தின் கையில் வைத்தார்.

மத்தியானம் அரியலூருக்குத் திரும்பினோம். வக்கீல் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "போகாத ஆளே எழுதியிருக்காரு. இதுக்கு மேல சாட்சி வேணாம். பன்னெண்டுல பதினொண்ணு வந்தாச்சு. பன்னெண்டாவதும் தீர்ந்துட்டா அவங்க சத்தமே இருக்காது. அதுக்குள்ள எழுதணும்." அன்றே மெட்ராஸில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் மனு தயாரானது. கலியனின் வாக்குமூலத்தைத் திங்கள்கிழமை வாங்கிச் சேர்த்தார்.

மூன்று வாரத்தில் பன்னிரண்டாவது கடிதம் வந்தது. அதையும் என்னைப் படிக்கச் சொன்னார் ஆரோக்கியம். படித்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. ஜூன் கடைசியில் தூதரகத்திலிருந்து பதில்: ஆள் கிடைத்துவிட்டார். கொத்து வேலைக்கு என்று கூட்டிப்போய், பாலைவனத்தில் ஒரு ஆட்டுப் பட்டியில் விட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம். பேச ஆளில்லை, தபால் பெட்டி இல்லை.

ஆகஸ்டில் பெரம்பலூரில் வந்து இறங்கிய சூசை, ஒரு நாள் பள்ளிக்கு வந்து எல்லாக் கடிதங்களையும் படிக்கச் சொன்னார். கைகட்டி உட்கார்ந்து பன்னிரண்டையும் கேட்டார்.

"நான் சொல்லிருந்தா இப்படித்தான் சொல்லிருப்பேன் டீச்சர்," என்றார் கடைசியில். "கேட்டா எனக்கே நம்பத் தோணுது."

இப்போது அரியலூருக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். போகும்போது கடிதங்களை உறையோடு கொண்டுபோங்கள், நகல் போதாது. இதைவிட நல்லது, ஆள் கிளம்புவதற்கு முன்பே வக்கீலிடம் போவது. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் எழுதிய வேலை என்ன என்று அவர் அரைமணியில் பார்த்துச் சொல்லிவிடுவார். காணாமல் போனவரைத் தேடி ஊருக்குக் கொண்டுவர எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

அடுத்த முறை யாராவது உங்கள் முன் ஒரு தாளை நீட்டினால், எழுத்து முடிந்த இடத்திலிருந்து கையெழுத்துப் போடும் இடம் வரை உள்ள வெற்றிடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுங்கள்; பிறகு கையெழுத்துப் போடுங்கள்.