பூசையிலிருந்து எடுத்த சுத்தியல்

கோயமுத்தூர் கணபதியில் ஓர் ஓலைக் கொட்டகையில் ஒற்றை வெல்டிங் மிஷினை வைத்துக்கொண்டு தொழில் ஆரம்பித்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றைக்கும் நிற்கிற பவுண்டரி ஷெட் நான் போட்டது. தாராபுரம் ரோட்டில் ஓர் அரிசி ஆலை. ஆடிக் காற்றில் அக்கம்பக்கத்துத் தகரமெல்லாம் சோளக்காட்டுக்குள் பறந்து கிடந்தபோது அந்த ஆலையில் ஒரு ஷீட்கூட அசையவில்லை. அந்தக் கூரையும் என் கைவேலைதான். தோட்டம் துரவு இருக்கும்போது இரும்படிக்கப் போகிறான் பார் என்று பங்காளிகள் சிரித்தார்கள். கிணறு வற்றியதும் அவர்கள் வீட்டுப் பையன்கள் என்னிடம்தான் வேலைக்கு வந்து நின்றார்கள்.

ஷெட் போடுகிறவர்கள் கோயமுத்தூரில் ஏராளம். மேலே ஏறினவன் உயிரோடு இறங்குவானா என்று பார்த்தவன் அந்தக் காலத்தில் நான் ஒருவன்தான். பெருமையாகத்தான் சொல்கிறேன். சொல்ல எனக்கு உரிமை உண்டு, அதற்கு என் வீட்டில் ஓர் உயிர் போயிருக்கிறது.

அப்போது மில் கூரை என்றாலே சிமெண்ட் ஷீட். பாசி பிடித்து, மேலே தூறலும் விழுந்துவிட்டால் கால் நிற்காது. வழுக்கி விழுந்தால் ஷீட் அப்பளம் போல நொறுங்கி ஆளைக் கீழே விட்டுவிடும். அதற்காக முகட்டில் வரிசையாக இரும்பு வளையங்கள் வைத்திருப்பார்கள். ஏறுகிறவன் இடுப்புப் பெல்ட்டிலிருந்து கயிற்றை இழுத்து வளையத்தில் கட்டிக்கொள்வான். அந்த வளையம் நல்லதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெல்டு வைத்த அடிப்பக்கம் உள்ளுக்குள்ளேயே துரு தின்றிருக்கும். நான் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். நல்லது கணீர் என்று பதில் சொல்லும். கெட்டது மொத்தென்று ஊமையாக இருக்கும். சந்தேகம் இருந்தால் சங்கிலி போட்டு இழுத்தும் பார்த்துவிடுவேன். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நூல் மில்லின் கூரை வேலை என் பொறுப்பில் இருந்தது. அங்கே இருந்த வளையங்கள் எனக்கு முன்னால் யாரோ வைத்தவை. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைக் கால்வாயில் அடைத்த குப்பையை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வளையங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த வருசம் ஆயுத பூசை முந்திக்கொண்டது.

எங்கள் பக்கம் ஆயுத பூசை என்றால் மில்லில் கல்யாணக் களைதான். மெஷினிலிருந்து சைக்கிள் வரைக்கும் கழுவிப் பெயிண்ட் அடித்துப் பொட்டு வைப்பார்கள். வளையங்களைத் தட்டிப் பார்த்த பிறகு பெயிண்ட் அடிக்கலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"முதலாளி வர்றாருங்க. பூசை முடியட்டும், அப்பறம் நீங்க சாவகாசமாத் தட்டுங்க" என்றார் அவர்.

பெயிண்ட் அடித்தது என் மனைவியின் தம்பி. என்னிடம் வேலை பழகி, எனக்கு வலது கையாக இருந்தவன். பக்தி ரொம்ப. வளையம் ஒவ்வொன்றுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்து, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான். வெயிலில் எல்லாம் புதுக் கொலுசு மாதிரி மின்னின.

"ஏனுங்க மாமா, பாத்தீங்களா? இனி ஒவ்வொண்ணும் யானையக் கட்டுனாலும் தாங்குமுங்க."

"அடேய், தாங்கறது இரும்பா, குங்குமமாடா?"

"உங்களுக்குச் சாமியே இல்லீங்க மாமா. சுத்தியல்தான் சாமி."

"அப்ப அந்தச் சாமியக் கும்புடு" என்றேன். சிரித்தான். என் சுத்தியலையும் வாங்கிக்கொண்டு போய் மற்ற சாமான்களோடு படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் பூசினான். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அன்றைக்கு ஒருவரும் ஒரு திருப்புளியைக்கூடத் தொட மாட்டார்கள்.

பூசை முடிந்து பொரிகடலை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. மழை விட்டதும் குடோன் ஆள் ஓடி வந்தான். கால்வாய் அடைத்துத் தண்ணீர் நூல் மூட்டைகள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"யாராச்சும் மேல ஏறி அந்தக் குப்பையத் தள்ளி உடுங்க" என்று மேனேஜர் கத்தினார்.

"ஒருத்தரும் ஏறாதீங்க. வளையத்தத் தட்டாம நான் ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுக்கக் குனிந்தேன். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவுண்டரே, பூசையில வெச்சதுங்க. வேண்டாமுங்க. நாளைக்குச் சாமி குத்தம்னு ஆளுக வேலைக்கு வர மாட்டாங்க."

"குத்தம் எனக்கு வரட்டுமுங்க. கைய உடுங்க."

சுற்றி நின்ற ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் வேறு ஏதாவது கல்லை எடுத்துத் தட்டுங்கள் என்கிறார். இன்னொருவர் முதலாளியைக் கேட்டுவிடலாம் என்கிறார். ஒரு சுத்தியலுக்கு இவ்வளவு பஞ்சாயத்து. நான் கையை உதறிக்கொண்டு சுத்தியலை எடுத்தபோது சந்தனம் ஈரமாக என் உள்ளங்கையில் ஒட்டியது. திரும்பிப் பார்த்தால் மச்சினனைக் காணோம். நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பூசையில் சேராமல் ஆணியில் தொங்கிய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மேலே போய்விட்டான்.

ஏணியில் நான் ஏறின வேகம் எனக்குத்தான் தெரியும். முகட்டில் தவழ்ந்தபடியே முதல் வளையத்தைத் தட்டினேன், கணீர். அடுத்ததும் கணீர். அதற்கடுத்தது மொத்தென்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவன் அந்தக் கடைசியில், கால்வாய் ஓரம் உட்கார்ந்து வேப்பந்தழையை அள்ளி வீசிக்கொண்டிருந்தான். கயிறு கட்டித்தான் இருந்தான். நான் தட்டாத வளையத்தில் கட்டியிருந்தான்.

"மாப்ள, நகராதே! அப்பிடியே உக்காரு, நான் வாரேன்!"

என் கையைப் பார்த்தான். "ஐயோ மாமா, பூசைச் சுத்தியல எடுத்துப்போட்டீங்களா? இருங்க, அக்காகிட்டச் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தான். கால் வழுக்கியது. கயிறு விறைத்தது. ஒரு மூச்சு நேரம் பிடித்தும் நின்றது. பிறகு வளையம் அடியோடு பிய்ந்து, சந்தனப் பொட்டோடு என் கண்ணெதிரே ஷீட்மேல் உருண்டு போனது. ஷீட் உடைந்த சத்தம் மட்டும் கேட்டது.

கீழே மாலை போட்ட மெஷின்களுக்கு நடுவில், பொரி சிந்திக் கிடந்த தரையில் கிடந்தான். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த சனம் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூசையில் இருந்த ஆயுதத்தை எடுத்தான், சாமி பழி வாங்கிவிட்டது என்றார்கள். துரு தின்ற வெல்டைக் கொண்டுவந்து வாசலில் போட்டுக் காட்டினேன். அதைக் குனிந்து பார்க்கக்கூட ஆளில்லை. கடைசியில், மேலே நடந்ததை என் வாயாலேயே கேட்டிருந்த என் வீட்டுக்காரியும் அதையே சொன்னாள்.

"ஏனுங்க, அந்தச் சுத்தியல ஒரு நாளைக்குத் தொடாம இருந்திருக்கலாமில்லீங்க?"

"தொட்டதுனால அவன் சாகல அம்மணி. தொட உடாம என்னையப் புடிச்சு நிறுத்துனாங்க பாரு, அதுல செத்தான்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அவன் சிரிச்சது உங்க கையப் பாத்துத்தானே?"

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னோடும் அவ்வளவாகப் பேசவில்லை.

காரியம் முடிந்ததும் அதே சுத்தியலை எடுத்துக்கொண்டு அதே மில்லுக்குப் போனேன். வளையங்கள் அத்தனையையும் தட்டினேன். ஊமையாக இருந்ததையெல்லாம் கேஸ் வைத்து அறுத்துத் தள்ளினேன். புது வளையங்களை வெல்டை மட்டும் நம்பி விடாமல், கர்டரோடு தகடு வைத்துப் போல்ட்டு முடுக்கினேன். ஒன்றுக்கும் பெயிண்ட் அடிக்க விடவில்லை. துரு வந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்றேன். அடுத்த வருசம் பூசை வந்தபோது, கூரைச் சாமான் பூசையில் சேராது என்று மேனேஜரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். மறுப்பே இல்லாமல் தலையை ஆட்டினார். அந்த ரோட்டில் மற்ற மில்காரர்களும் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்கள். எங்கள் சனத்தில் சிலர் என்னை விசேசங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் தட்டிக் கொடுத்த வளையத்தை நம்பி ஏறின எவனும் அதற்குப் பிறகு விழவில்லை. இல்லை என்று ஒருத்தன் சொல்லட்டும் பார்க்கலாம்.

இப்போது அந்த மில்லில் ஏணி அடியில் ஒரு பலகை தொங்குகிறது. 'கூரை வளையங்களைத் தட்டிப் பார்க்காமல் ஏறக் கூடாது. வளையங்களுக்கு வர்ணம் பூசக் கூடாது. இப்படிக்கு நிர்வாகம்.' நிர்வாகமாம். பூசை அன்றைக்கு என் கையைப் பிடித்து நிறுத்தினதும் அதே நிர்வாகம்தானே. அந்தப் பலகையை இறக்குங்கள். இதைச் சொன்னவன் நான் என்று என் பெயரைப் போட்டு மறுபடி மாட்டுங்கள். எங்கள் சனத்துக்கும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்குச் சுத்தியலை எடுத்தது சரி என்று நாலு பேர் நடுவில் எனக்கு ஒரு வார்த்தை வர வேண்டும். அதை என் வீட்டுக்காரி காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும்.