படத்துக்குக் கீழே இன்பராஜ் எழுதிய வரிகள்

செய்தி தேவியிடமிருந்து வந்தது. தேவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் யாருக்கும் போன் செய்ய மாட்டாள், எழுதி அனுப்புவாள். ஒரகடத்தில் காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் செல்போனைப் பார்த்தேன். "அண்ணா, இன்பராஜ் அண்ணன் காலமானார். அவருடைய அம்மா உங்களை வரச் சொல்கிறார்" என்று இருந்தது. புத்தகத்திலிருந்தே தமிழைக் கற்றவள் ஆதலால் அவள் எப்போதும் இப்படி முழு வாக்கியமாகத்தான் எழுதுவாள். பஸ் கிளம்பிவிட்டது. முன் சீட்டில் இரண்டு பேர் அடுத்த வார ஓவர்டைம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடனே இறங்கிவிட வேண்டும் போலிருந்தது. இறங்கி எந்தப் பக்கம் போவது என்றுதான் தெரியவில்லை.

பென்னலூர் மாடி வீட்டில் எங்களோடு தங்கியிருந்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். இன்பராஜ் இறந்தது அவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அவர் செய்த ஒரு காரியம் முழுதாகத் தெரியாது. இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இன்பராஜுக்குச் சாத்தான்குளம் பக்கம், எனக்கு விருதுநகர். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவரும் ஒரே லைனில் நின்றோம். துபாயிலிருந்து ஊருக்கு வந்த அவருடைய அத்தை மகன் தன் பழைய கேம் கன்சோலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இன்பராஜுக்கு விளையாட்டில் நாட்டமில்லை. அதில் ஒரு ஹார்டு டிஸ்கைச் சொருகினால் ஹெச்டி படம் ஓடும் என்று யாரோ சொன்னதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. முதலில் கன்சோல் அந்த டிஸ்கைக் கண்டுகொள்ளவே இல்லை. அதிலிருந்ததையெல்லாம் அழித்து வேறு முறையில் தயார் செய்தார். பெரிய படங்கள் ஒரே கோப்பாக ஏறவில்லை. இரண்டாக வெட்டி ஏற்றினார். எல்லாம் சரியானபோது எங்கள் அறையிலிருந்த பழைய டிவியில் படம் புகைமூட்டமாகத் தெரிந்தது.

கீழ்வீட்டில் பெரிய தட்டை டிவி இருந்தது. வீட்டுக்காரர் கஸ்தூரி அக்காவிடம் போய்க் கேட்டோம்.

"இன்னாப்பா, அந்த டப்பாவ எங்க வூட்டு டிவில சொருவுனா கேபிள் போயிடாதே?" என்றார் அவர்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. அப்பிடி ஆச்சுன்னா நான் பொறுப்பு" என்றார் இன்பராஜ்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்கா வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். கஸ்தூரி அக்காவின் மகள் தேவி சுவரோரமாக உட்கார்ந்து பார்ப்பாள். அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள். அவளுக்கும் படம் பிடித்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மாடிப்படி ஏறும்போது இன்பராஜ் நின்றுவிட்டார். "ஏல, அந்தப் பிள்ள நம்ம மூஞ்சியப் பாத்துதாம்ல சிரிக்கா. படத்தப் பாத்து இல்ல" என்றார்.

அடுத்த சில வாரங்கள் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இங்கிலீஷ் படங்களுக்குக் கீழே எழுத்து ஓடும். தமிழ்ப் படத்துக்குத் தமிழில் யாரும் அப்படி எழுதி வைப்பதில்லை. ஒரு நகைச்சுவைப் படத்தை எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு வசனத்தையும் தட்டினார். கன்சோலில் போட்டால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் வந்தன. தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுத்தைப் படத்தோடு படமாகவே சேர்த்துப் பதியும் வழியைக் கண்டுபிடித்தார். ஒரு படத்துக்கு அவருடைய பழைய கம்ப்யூட்டர் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். எழுத்து வரப்போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. திரையின் கீழே முதல் வரி வந்ததும் தேவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நகைச்சுவைக் காட்சி வந்தது. நடிகர் வாயைத் திறந்து பாதி வசனம்தான் பேசியிருப்பார். தேவி அதற்குள் முழுவதையும் படித்துவிட்டாள். கூடத்தில் எல்லோருக்கும் முந்தி அவள் சிரித்தாள். அடக்கமில்லாத, உரத்த சிரிப்பு. நாங்கள் அவளைத் திரும்பிப் பார்த்தோம், அதன் பிறகுதான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கஸ்தூரி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். இன்பராஜ் படத்தைப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு தேவி அவரிடம் கறாராக வேலை வாங்கினாள். ஒரு படத்தில் வில்லன் திட்டும் இடத்தில் அவர் கூச்சப்பட்டு 'கெட்ட வார்த்தை' என்று மட்டும் எழுதியிருந்தார். படம் முடிந்ததும் அவள் ஒரு துண்டுத்தாளில், "எந்தக் கெட்ட வார்த்தை? நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று எழுதி நீட்டினாள். இன்பராஜ் காது சிவந்துபோய் நின்றார். "அவ கேக்கது நியாயந்தான" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுநாளே அந்த வார்த்தையை உள்ளபடி எழுதிச் சேர்த்தார். இன்னொரு முறை, "கதவு திறக்கும் முன்பே அவன் ஏன் திரும்பிப் பார்த்தான்?" என்று கேட்டாள். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது என்பதை அவர் எழுத மறந்திருந்தார். அன்றிலிருந்து சத்தங்களையும் எழுதத் தொடங்கினார். மழை, குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சண்டை. "காது இருக்கவன் எல்லாத்தையும் கேக்கான்னு நெனைக்காதல. நான் இப்பந்தான் கேக்கேன்" என்பார். அவளோடு பேசுவதற்காகக் சைகை மொழியும் அவளிடமே கற்றுக்கொண்டார். அவர் கையை ஆட்டும் விதத்தைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

தொழிற்சாலை மூடப்பட்டதும் மாடி வீடு காலியானது. சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். நாங்கள் இருவரும் ஒரகடத்தில் வேறு வேறு கம்பெனிகளில் சேர்ந்தோம். தேவியைக் குன்றத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. இன்பராஜ் கன்சோலையும் டிஸ்கையும் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் எழுதுவதை அவர் விடவில்லை. புதுப் படம் ஒன்றை முடித்ததும் பைக்கில் குன்றத்தூர் போய் ஏற்றிக் கொடுத்துவிட்டு வருவார். "இப்பம் ரெண்டு பேரு பாக்காங்கல்லா" என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஒரகடம் சாலையில் அவருடைய பைக் சறுக்கியது. விலா எலும்புகள் முறிந்து நுரையீரலில் காயம். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் பொருத்தினார்கள். நினைவு வந்தது, பேச முடியவில்லை. ஊரிலிருந்து வந்த அவருடைய அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள என்னமோ சொல்லுதான். எனக்கு வெளங்கலையே" என்று அழுதார். இன்பராஜின் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. வலி என்கிறார், தண்ணீர் கேட்கிறார் என்று நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். பேனாவைக் கொடுத்தோம், பிடிக்கப் பலமில்லை.

தேவி வந்தாள். கட்டிலருகே குனிந்து அந்த விரல்களையே பார்த்தாள். அவளும் கையால் ஏதோ கேட்டாள். அவர் மெல்லத் தலையசைத்தார். அவள் செல்போனில் எழுதி எங்களிடம் காட்டினாள். "தலைக்கு மேல் இருக்கும் ட்யூப்லைட் இரைகிறதாம். தூங்க முடியவில்லையாம்."

நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அது இரைந்துகொண்டுதான் இருந்தது. அத்தனை நாள் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற எங்களில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. நர்ஸ் வந்து அந்த விளக்கை அணைத்தார். அன்று அவர் நன்றாகத் தூங்கினார். அதன்பின் தினமும் தேவிதான் அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். "உங்கள் கையால் வைத்த ரசம் வேண்டுமாம்" என்று எழுதிக் காட்டியபோது அந்த அம்மா முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். ரசம் கொடுக்கும் நிலை வரவே இல்லை. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. நான் ஷிஃப்டில் இருந்த நேரத்தில் போய்விட்டார்.

சாத்தான்குளத்தில் அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவருடைய தம்பி அந்தப் பழைய கம்ப்யூட்டரை என் கையில் கொடுத்தான். "அண்ணே, எங்க யாருக்கும் இத வச்சு என்ன செய்யணும்னு தெரியாது. நீங்க வச்சுக்கிடுங்க" என்றான். திறந்து பார்த்தேன். ஒரு படத்துக்குப் பாதி வரை எழுதியிருந்தார்.

மீதியை இப்போது நான் எழுதுகிறேன். எனக்கு அவருடைய பொறுமை இல்லை, தட்டச்சும் மெதுவாகத்தான் வரும். நேற்று ஒரு காட்சி. ஒரு தாய் தன் மகனைப் பஸ் ஏற்றிவிட்டு நிற்கிறாள். இருவரும் ஒன்றும் பேசுவதில்லை. எழுத எதுவுமில்லை என்று தாண்டிப் போனேன். மனம் கேட்கவில்லை, திரும்ப ஓட்டி, ஒலியைக் கூட்டி, கண்ணை மூடிக் கேட்டேன். பஸ் உறுமிக்கொண்டு போகிறது. அது போன பிறகு அந்தத் தாய் ஒரே ஒருமுறை மூக்கை உறிஞ்சுகிறாள்.

அதை எழுதினேன். இன்பராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் காதுதான்.