முதலிடத்தில் இருந்த நம்ம ஆளு

விபத்து நடந்த மறுநாள் காலை புராஜெக்ட் மேனேஜர் ரகுராமன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லெட்சுமணனின் கை எப்படி இருக்கிறது என்று கேட்பார் என நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் கேட்டது வேறு.

"கதிரேசன், பாலிடிக்ஸ் பேச ஆரம்பிச்சது யாரு? ரெண்டு பேர்ல யாரு?"

சவூதியில் தம்மாம் பக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டு அது. எண்ணெய்க் கம்பெனிகளுக்கான இரும்புக் கட்டமைப்புகளை அங்கே செய்து கப்பலில் ஏற்றி அனுப்புவோம். நான் லிஃப்டிங் சூப்பர்வைசர். கிரேன் எதைத் தூக்கலாம், எப்படித் தூக்கலாம் என்று பார்ப்பதும், பர்மிட்டில் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. சொந்த ஊர் சாத்தூர். இப்போது ஷார்ஜாவில் ஒரு பயிற்சி மையத்தில் புதிதாக வரும் ரிக்கர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்களிடம் வகுப்பில் சொல்வதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். வகுப்பில் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வேன்.

நேசனும் லெட்சுமணனும்

எங்கள் பெரிய கிராலர் கிரேனுக்கு ஆபரேட்டர் நேசன். முல்லைத்தீவுக்காரர். கீழே நின்று சிக்னல் கொடுக்கும் ரிக்கர் லெட்சுமணன். அவர் பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இருவரும் இலங்கைத் தமிழர்கள்தான், ஆனால் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சு போல இருக்காது. நேசன் "கதைக்கிறது" என்பார், லெட்சுமணன் நம்மைப் போலவே "பேசுறது" என்பார். லெட்சுமணன் வயதில் இளையவர், அதனால் நேசனை "நேசண்ணே" என்று கூப்பிடுவார். நேசன் அவரை "டேய் லெச்சு" என்பார். கேம்பில் ஒரே ரூம், ஒரே சமையல்.

கிரேன் வேலையில் பிளைண்ட் லிஃப்ட் என்று ஒன்று உண்டு. ஆபரேட்டர் இருக்கும் இடத்திலிருந்து சரக்கு தெரியாது. கீழே நிற்கும் ரிக்கர் வாக்கி டாக்கியில் சொல்வதை மட்டும் கேட்டு அவர் இறக்க வேண்டும். ரிக்கர் வாய் ஓயக்கூடாது. "ஸ்லோ டவுன், ஸ்லோ டவுன், ஸ்லோ டவுன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் ஆபரேட்டர் கை தானாக நிற்க வேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஆள் தடுக்கி விழுந்திருக்கலாம், என்ன காரணமாக வேண்டுமானாலும் இருக்கலாம். சத்தம் இல்லை என்றால் ஸ்டாப். இந்த வேலையில் அந்த இருவரைப் போல ஒரு ஜோடியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. லெட்சுமணன் தும்மினால்கூட மேலே கிரேன் நின்றுவிடும்.

கருத்துக் கணிப்பு

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. தேதி அறிவிக்கவில்லை, யாரும் வேட்புமனுக்கூடக் கொடுக்கவில்லை. அதற்குள் கருத்துக் கணிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ஒரு நாள் டீ பிரேக்கில் லெட்சுமணன் போனை நீட்டினார்.

"நேசண்ணே, பாருங்க. நம்ம ஆளு முதலிடத்துல இருக்காரு."

நம்ம ஆளு என்று அவர் சொன்னது ஒரு முன்னாள் மந்திரியை. தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்குப் பதிலாகச் சொந்தக் காணியும் அதற்கு உறுதிப் பத்திரமும் தருவேன் என்று அந்த ஆள் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தார். லெட்சுமணன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக லயத்து அறையில் இருக்கிறது. கூரையை மாற்றக்கூடத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். அந்தப் பேச்சு அவருக்கு எப்படி இனித்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

நேசன் போனைத் தொடவில்லை. "உதை ஆரிட்டக் கேட்டு எடுத்தவங்கள்? முல்லைத்தீவில ஒருத்தருக்காவது கோல் எடுத்தவங்களாமோ?"

"என் தங்கச்சிக்கே போன் வந்துச்சுண்ணே. கேட்டுருக்காங்க. அவருக்குத்தான்னு சொல்லியிருக்கா."

"உன்ர தங்கச்சியைக் கேட்டா நாட்டைக் கேட்ட மாதிரியோ?"

அன்று இருவரும் சிரித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். இருவருக்கும் ஓட்டு உண்டா என்று கேட்டேன்.

"ஊருல இருந்தாத்தாண்ணே ஓட்டு. இங்கேருந்து போட முடியாது" என்றார் லெட்சுமணன்.

என் நிலையும் அதுதான். இந்த நாடுகளில் வேலை செய்கிறவனுக்கு அரசியல் பேச வாய் உண்டு, ஓட்டுப் போட விரல் கிடையாது. இங்கே பேசவும் யோசித்துத்தான் பேச வேண்டும்.

நேசனுக்கு அந்தப் பெயர் ஏன் கசந்தது என்று பிறகுதான் தெரிந்தது. போர் முடிந்தபோது அவருடைய தம்பியைக் குடும்பமே ஆர்மியிடம் கையளித்தது, விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நம்பி. தம்பி வரவே இல்லை. அவருடைய அம்மா இன்றைக்கும் தம்பி படத்தை வைத்துக்கொண்டு மற்ற தாய்மாரோடு ரோட்டோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். லெட்சுமணனின் நம்ம ஆளு அப்போது மந்திரிசபையில் இருந்தவர்.

"அவன் அந்தாளை எங்கட ஆள் எண்டு சொல்லேக்க எனக்கு வயிறு எரியுது அண்ணை" என்றார் நேசன்.

"லெட்சுமணனுக்கு இது தெரியுமா?"

"ஒண்டா இருந்து சாப்பிடுறவன். தெரியாம இருக்குமோ?"

கணிப்பு எடுப்பவர்கள் வாரத்துக்கு ஒன்று என்று வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் அந்த ஆள் மேலே போவார், இன்னொன்றில் இறங்குவார். இறங்கிய நாளில் நேசன் பிளேட்டில் தாளம் போடுவார். ஏறிய நாளில் லெட்சுமணன் வேலைக்கு வரும் பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கப் படிப்பார். யார் எடுத்த கணிப்பு, எத்தனை பேரிடம் கேட்டார்கள், காசு கொடுத்தது யார் என்று இருவரும் கத்துவார்கள். ரெண்டு பேருக்குமே பதில் தெரியாது. அந்தக் கணிப்பை எடுத்தவர்கள் இப்படி ஒரு பஸ் ஓடுவதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு காலை, கிரேன் ஸ்டார்ட் பண்ணி சூடாகிக்கொண்டிருந்தது. லெட்சுமணன் வாக்கி டாக்கியிலேயே ஆரம்பித்தார்.

"நேசண்ணே, புதுசு வந்துருச்சு. வடக்குலயும் அவருக்குத்தான் கூடுதாம். உங்க ஆளுங்களே போடப் போறாங்க."

நேசன் குரல் வந்தது, நிதானமாக.

"தோட்டக்காட்டானுக்குக் காணித் துண்டொண்டு காட்டினாப் போதும். எவன்ர காலிலயும் விழுவான்."

அந்தச் சொல்லின் எடை தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. மலையகத் தமிழரை மற்றத் தமிழர் இழிவாகச் சொல்லும் சொல் அது. சேனல் முழுக்கக் கேட்டது. யார்டில் இருந்த நேபாளிக்கும் பெங்காலிக்கும் புரிந்திருக்காது. லெட்சுமணனுக்குப் புரிந்தது. அவர் "ஓகே, பூம் அப்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அதற்குமேல் வேலைச் சொல் தவிர ஒரு சொல் பேசவில்லை. சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு ரூமுக்குப் போய்விட்டார்.

ரகுராமன் அறையில்

இருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பார்த்தேன்.

லெட்சுமணன் சொன்னார்: "அண்ணே, எங்கப்பா சின்ன வயசுல வடக்குல ஒரு கடையில வேலைக்கு நின்னாரு. அவரு பேரே அந்தக் கடையில யாருக்கும் தெரியாது. இந்தச் சொல்ல வச்சுத்தான் கூப்புடுவாங்களாம். அதச் சொல்லிச் சொல்லி அழுவாரு. நான் சவூதிக்கு வந்தும் அதத்தான் கேக்கணுமா? அதுவும் நேசண்ணே வாயில?"

நேசன் சொன்னார்: "நான் சொன்னது பிழைதான் அண்ணை. மன்னிப்புக் கேக்கிறன். ஆனா அவனும் அந்தாளின்ர பேரை என்ர காதில விழ இனி எடுக்கமாட்டன் எண்டு சொல்லோணும்."

லெட்சுமணன் அப்படிச் சொல்லவில்லை. நேசன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

கிரேன் ஓடியது. ஆனால் லெட்சுமணன் வாய் ஓயாமல் சொல்கிற வழக்கம் போயிற்று. "டவுன்" என்று ஒருமுறை சொல்வார், பிறகு மௌனம். வேண்டிய இடம் வந்ததும் "ஸ்டாப்" என்பார். முதலில் ஒவ்வொரு மௌனத்துக்கும் நேசன் கிரேனை நிறுத்தினார். வேலை ஊர்ந்தது, ஃபோர்மேன் கத்தினார். நாளடைவில் மௌனத்திலும் கிரேன் இறங்கப் பழகிவிட்டது. நான் இருவரையும் திட்டினேன். நான் நிற்கும்போது சரியாகச் செய்வார்கள், நகர்ந்ததும் பழையபடிதான்.

ரகுராமனிடம் போனேன். அவர் சென்னைக்காரர், குடும்பத்தோடு தம்மாமில் இருந்தார், கெட்டிக்கார இன்ஜினியர். அப்போது அவரும் கிளையண்ட் ஆளும் கம்ப்யூட்டர் திரையில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் கணிப்பைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். தினமும் காலை காபியோடு அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

"சார், கிரேன் ஜோடியை மாத்துங்க. இல்ல, ரெண்டாவது ரிக்கர் ஒருத்தரக் குடுங்க. முன்னாடி எங்ககூட இருந்த ரிக்கரைக் கப்பல் ஜெட்டிக்கு மாத்தினீங்களே, அவரைத் திருப்பி அனுப்பினாக்கூடப் போதும்."

"என்ன பிராப்ளம்?"

சொன்னேன். அவர் சிரித்தார். "ஸ்ரீலங்கா எலக்‌ஷனுக்கு இங்க சண்டையா? கதிரேசன், ஷிப்மெண்ட் டேட் என்னன்னு உங்களுக்கே தெரியும். ஆளை மாத்தினா கிளையண்ட் திரும்ப அப்ரூவ் பண்ணணும், ஒரு வாரம் போயிடும். ரெண்டு பேரும் தமிழ்தானே? நீங்களே பேசி முடிங்க."

நான் எழுந்து வரும்போது, அமெரிக்காவில் இவ்வளவு முன்கூட்டி எடுக்கிற கணிப்பு எதையும் நம்ப முடியாது என்று கிளையண்ட் ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஸ்பூல்

பைப் ஸ்பூல் என்பது வெல்டிங் முடித்த ஒரு குழாய்த் துண்டு. கப்பலில் ஏற்ற வேண்டிய பெரிய இரும்பு மாட்யூலுக்குப் பின்னால், ஆபரேட்டர் பார்வைக்கு மறைவாக, அதை இரும்புத் தாங்கிமேல் இறக்க வேண்டும். சரியான பிளைண்ட் லிஃப்ட். விபத்து நடந்த அன்று காலை பர்மிட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன்.

"ரீசன்?"

"ஆபரேட்டரும் ரிக்கரும் பேசிக்கிறதில்ல சார். கீழ ஒரே ஆளு."

ரகுராமன் வாதாடவில்லை. என்னை ஜெட்டியில் வேறு வேலைக்கு அனுப்பினார். புதிதாகச் சேர்ந்திருந்த இன்னொரு சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கினார். ஜெட்டியில் வேறு சேனல், அதனால் எனக்குச் சைரன்தான் கேட்டது. நடந்ததை இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போயின.

லெட்சுமணன் "டவுன்" என்றார். இறங்கும்போது ஸ்பூலை இழுத்துப் பிடிக்கும் கயிறு ஒரு பிராக்கெட்டில் சிக்கியது. இரண்டாவது ஆள் இருந்தால் எடுத்துவிட்டிருப்பார். லெட்சுமணன் வாக்கி டாக்கியைச் சட்டையில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் கயிற்றை விடுவித்தார். மேலே நேசனுக்கு மௌனம். பழைய நாட்களில் அந்த மௌனத்துக்குக் கிரேன் நின்றிருக்கும். அது பழகிப்போன மௌனமாகிவிட்டதால் அவர் இறக்கிக்கொண்டே இருந்தார். ஸ்பூலுக்கும் தாங்கிக்கும் நடுவே லெட்சுமணனின் வலது கை இருந்தது.

அலறல் கேட்டு நேசன் ஏணியில் பாதியிலிருந்து குதித்து ஓடினாராம். ஆம்புலன்ஸில் ஏறப் பார்த்தவரை செக்யூரிட்டி இழுத்து நிறுத்தினார்கள். கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நேசனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலருகே நின்று, "லெச்சு, என்னைப் பாரடா" என்றார். லெட்சுமணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நேசன் வெகுநேரம் நின்றார். கடைசியில் லெட்சுமணன் திரும்பாமலே பேசினார்.

"கதிரேசண்ணே, அவரப் போகச் சொல்லுங்க. நான் எவன் கால்லயும் விழல."

தீர்ப்பு

விசாரணையில், ஜோடியை மாற்றச் சொல்லி முன்பே கேட்டேன், கையெழுத்துப் போட மறுத்தேன் என்று சொன்னேன். "அது இன்ஃபார்மல் டிஸ்கஷன்" என்றார் ரகுராமன். கீழே ஒரு ரிக்கர் மட்டும் நின்றதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. காரணம் என்று முடிவானது இதுதான்: பணியிடத்தில் அரசியல் வாக்குவாதம். கம்பெனி ஒரு தவறும் செய்யவில்லை, இரண்டு கூலிக்காரர்கள் சண்டை போட்டார்கள், கலாஸ். நேசனுக்கு ஃபைனல் எக்ஸிட், அதாவது வேலையை முடித்து ஒரேயடியாக ஊருக்கு அனுப்பும் விசா. கட்டுப் பிரித்ததும் லெட்சுமணனுக்கும் அதுதான். யார்டில் அரசியல் பேசக்கூடாது என்று பல மொழிகளில் போர்டு வைத்தார்கள். தமிழில் வைக்கவில்லை.

வேட்புமனு கொடுக்கும் நேரம் வந்தபோது, கணிப்புகளில் முன்னால் இருந்த அந்த முன்னாள் மந்திரி போட்டியிலிருந்து விலகினார். நேற்றுவரை மேடையில் திட்டிக்கொண்டிருந்தவரோடு கை கோத்துப் படம் எடுத்துக்கொண்டார். செய்தி பார்த்த அன்றே லெட்சுமணனுக்குப் போன் போட்டேன்.

"தெரியும்ணே" என்றார். "தங்கச்சி காட்டுனா."

"இப்ப ஊர்லதான இருக்கீங்க. ஓட்டுப் போடப் போவீங்களா?"

"எந்தக் கையால போடுறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நேசன் என் போனை எடுப்பதே இல்லை.

என் காண்ட்ராக்டை அந்த முறை புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வகுப்பில் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காற்று, எடை, ஸ்லிங் எல்லாவற்றையும் சோதித்த பிறகு, மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா என்று பாருங்கள். பேசவில்லை என்றால் அந்த லிஃப்ட் கிடையாது. எதற்காகச் சண்டை, யார் பக்கம் நியாயம் என்று ஆராய வேண்டாம். சரக்கைத் தரையில் வையுங்கள். மேனேஜர் கத்தினால் கத்தட்டும்.

ஒவ்வொரு பேட்சிலும் யாராவது ஒருவர் கை தூக்கிக் கேட்பார்: "நாம நிறுத்தினா வேலை போயிடாதா சார்?"

போகும் என்று சொல்கிறேன். எனக்குப் போயிற்று, அப்படியும் அந்தக் கை பிழைக்கவில்லை என்பதையும் சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகும் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு பாடம் எடுக்கிறேன்.