திடலோரத்து மண்

அந்த வருஷம் எங்கள் கல்லூரிக் கால்பந்துக் குழு ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இதைக் கேட்டு யாராவது கைகுலுக்க வந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். குழுத் தலைவன் நான். கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தவனும் நான்தான்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது. பினாங்கில் அப்போது எங்களில் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடினோம். வெறுங்காலில்தான் பந்து சொன்னபடி கேட்கும் என்ற திமிர். எங்கள் இடது ஓரத்து ஆட்டக்காரனும் அப்படித்தான். ஆயர் ஈத்தாமிலிருந்து டிராமில் வருவான். எனக்கு ஒரு வகுப்பு இளையவன், என்னை அண்ணே என்பான். நாங்கள் போட்ட கோல்களில் பாதி அவன் காலிலிருந்து வந்தவை.

முதல் ஆட்டத்தில் என் முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. குனிந்து திடலோரத்து மண்ணை அள்ளி அப்பிக்கொண்டேன். அடுத்த நிமிடம் நாங்கள் கோல் போட்டோம். அவ்வளவுதான். அதிலிருந்து யாருக்கு அடிபட்டாலும் அதே மூலை மண், அதுவும் என் கையால்தான். 'வெற்றி மண்' என்று பெயரும் வைத்தோம். குதிரைவண்டிகள் நிற்பது அந்த மூலையில்தான் என்று ஒருவனும் யோசிக்கவில்லை. படித்த பிள்ளைகள் நாங்கள், சட்டையில் கல்லூரி முத்திரை வேறு.

அரையிறுதி ஆட்டத்தில் அந்த இடது ஓரத்துக்காரன் பாதத்தில் ஒரு துருப்பிடித்த லாட ஆணி ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு, குழிக்குள் மண்ணை வைத்து விரலால் அழுத்தினேன்.

"மெதுவாண்ணே, வலிக்குது" என்றான்.

"ஓடுடா, சரியாயிடும்" என்றேன். ஓடினான். அன்றைய கடைசி கோலும் அவனுடையதுதான்.

மாலையில் அக்கா வீட்டில் சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். அத்தான் ஆஸ்பத்திரியில் டிரெஸர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"குதிரை நிக்கிற மண்ணா? நாளைக்குக் காலையில அவனக் கூட்டிட்டு வா. ஊசி ஒண்ணு போடணும்."

"போட்டா ஆட முடியுமா?"

"காய்ச்சல் வரலாம், உடம்பு தடிக்கலாம். பத்து நாள் சும்மா இருக்கட்டும்."

"ஃபைனல் அடுத்த சனிக்கிழமை, அத்தான்."

"தாடை இறுகிட்டா அப்புறம் ஃபைனலும் இல்ல, ஆளும் இல்ல லா. கூட்டிட்டு வா."

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து அவனைப் பார்த்தபோது ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. காலைக் காட்டச் சொன்னேன். காயம் மூடியிருந்தது, சிவப்புகூட இல்லை. அத்தான் சும்மா பயமுறுத்துகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவர் விசாரித்தபோது, டவுனில் ஒரு டாக்டரிடம் போட்டுக்கொண்டான் என்று பொய் சொன்னேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

அந்த வாரம் முழுக்க அவனையே கவனித்துக்கொண்டிருந்தேன். பயிற்சியில் அவன் ஓடினால் நிம்மதி, உட்கார்ந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தான்.

"சரியாப் படுக்கலண்ணே, பிடிச்சுக்கிச்சு."

தைலம் தேய்த்துவிட்டேன். கழுத்து கட்டையாக இருந்தது. அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு நாள்தானே, ஆட்டம் முடியட்டும் என்று நினைத்தேன்.

இறுதியாட்டத்தில் விழுந்தது ஒரே கோல், அவன் போட்டது. தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினோம். எப்போதும் தொண்டை கிழியக் கத்துகிறவன் அன்று கத்தவில்லை.

பிறகு சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் ரொட்டியும் ஆட்டுக்கறியும். கோப்பையை மேசை நடுவில் வைத்திருந்தோம். அவன் ரொட்டியைப் பிய்த்து உதட்டுவரை கொண்டுபோவதும் திரும்பத் தட்டில் வைப்பதுமாக இருந்தான்.

"பெரிய ஆளாயிட்டான் லா. நம்மகூட வாயத் தொறந்து பேச மாட்டேங்குறான்" என்றான் எங்கள் கோல்கீப்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். பல் மட்டும் தெரிந்தது, தாடை அசையவில்லை.

அவன் என் பக்கம் சாய்ந்தான். பல்லிடுக்கில் வார்த்தை நசுங்கி வந்தது.

"வாய் தொறக்க வரலண்ணே. உங்க அத்தான் ஆஸ்பத்திரியிலதான இருக்காரு? இதுக்கு ஊசி எதாச்சும் இருக்கான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

"இருக்குடா. வா, போகலாம்" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். ஒரு வாரமாகவே இருந்தது என்று அவனிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில், குழுவில் ஒவ்வொருவராக வந்து பெட்டியின்மேல் ஒரு பிடி மண் போட்டார்கள். தலைவன் என்பதால் எனக்குத்தான் முதலில் வழிவிட்டார்கள். என்னால் குனிந்து மண்ணை அள்ள முடியவில்லை.